கதையை நடத்துவதா, கதைக்குள் நடப்பதா?

மீலாது மேடைகளில் நாம் ஆண்டுதோறும் கேட்டு மகிழும் பெருமைகளுள் ஒன்று உண்டு. “இராபின்சன் குரூசோவை உலகமே கொண்டாடுகிறது, ஆனால், ஆளில்லாத் தீவில் தனித்து வாழ்ந்த மனிதனின் கதையை அதற்கு ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்தவர் நம் இப்னு துஃபைல்!” என்று பேச்சாளர் முழங்குவார். பந்தல் அதிரத் தக்பீர் எழும். மறுநாள் காலையில் பந்தலைப் பிரிப்பார்கள். அந்தப் பெருமையையும் அதனோடு சேர்த்துச் சுருட்டி, அடுத்த ஆண்டுக்கென்று பரணில் போட்டுவிடுவார்கள். முழங்கியவரும் அந்நூலைப் படித்ததில்லை; தக்பீர் சொன்னவரும் படித்ததில்லை; அவர்தம் மக்களும் படிக்கப் போவதில்லை.

அந்நூலை மாணவர்முன் விரித்து, ‘வாருங்கள், படிப்போம்’ என்று ஒருவன் தொடங்கினால் என்ன நேரும்? எமக்கு நேர்ந்ததைச் சொல்லவே இக்கட்டுரை. இதில் சிலர் மனம் வருந்தலாம். வருந்துவோர் கட்டுரையின் இறுதிவரை வந்து, பின்னர் வருந்தும்படி வேண்டிக்கொள்கிறோம்.

‘ஹய்யு இப்னு யக்ளான்’ என்பது நூலின் பெயர். விழித்திருப்பவனின் மகனான உயிருள்ளவன் என்பது அதன் பொருள். கிரனடாவை அடுத்த வாதீ ஆஷில் பிறந்து, முவஹ்ஹிதீன் கலீஃபா அபூ யஃகூப் யூசுஃபின் மருத்துவராய் விளங்கி, 1185-இல் மர்ராகுஷில் மறைந்தவர் இப்னு துஃபைல். இப்னு ருஷ்தை அக்கலீஃபாவின் அவைக்கு அழைத்துச் சென்று அறிமுகம் செய்தவரும் இவரே. 1671-இல் இளைய எட்வர்ட் பொகாக் இந்நூலை இலத்தீனில் பெயர்த்து, அறபு மூலத்துடன் ஆக்ஸ்ஃபோர்டில் வெளியிட்டார். 1708-இல் சைமன் ஆக்லி அறபியிலிருந்து நேரே ஆங்கிலத்தில் தந்தார். டேனியல் டிஃபோவின் குரூசோ வந்தது 1719-இல். இது அதைப் பார்த்து எழுதப்பட்டதா என்னும் வழக்கைத் தீர்க்க நாம் வரவில்லை. அஃது ஆய்வாளர் பாடு. அந்நூலை நாம் என்ன செய்தோம் என்பதே எம் வழக்கு.

கதை பலர்க்குத் தெரியாதாகையால் சுருங்கச் சொல்கிறோம். நிலநடுக்கோட்டின் கீழ் ஓர் இந்தியத் தீவு. அங்கே ஒரு குழந்தை. மண்ணிலிருந்து தோன்றியதென்று ஒரு சாராரும், பெட்டியில் வைத்துக் கடலில் விடப்பட்டு ஒதுங்கியதென்று மற்றொரு சாராரும் கூறுவதாக ஆசிரியர் இரண்டையும் சொல்லிவிட்டு மேலே செல்கிறார். பெண்மான் ஒன்று பாலூட்டி வளர்க்கிறது. மனிதக் குரலையே கேளாத அப்பிள்ளை, பார்த்தும் தொட்டும் ஆய்ந்தும் உலகை அறிகிறான். உலகிலிருந்து அதனைப் படைத்தவனை அறிகிறான். ஐம்பது வயதளவில் பக்கத்துத் தீவிலிருந்து வரும் அப்ஸால் என்னும் பக்தரைக் காண்கிறான். வேதத்தின் வழியே அப்ஸால் பெற்றதும், சிந்தனையின் வழியே ஹய்யு பெற்றதும் ஒன்றாயிருக்கக் கண்டு இருவரும் வியக்கின்றனர். தாம் கண்டதை மக்களுக்குச் சொல்ல அப்ஸாலின் ஊருக்குச் செல்கின்றனர். மக்கள் முகம் சுளிக்கின்றனர். இருவரும் தீவுக்கே திரும்பிவிடுகின்றனர்.

இக்கதையை நாம் இருபது ஆண்டுகளுக்கு மேலாக மாணவர்க்குச் சொல்லியிருக்கிறோம். எப்படிச் சொன்னோம்? மேலே ஒரு பத்தியில் எழுதினோமே, அப்படித்தான். கதைச்சுருக்கம், ஆசிரியர் வரலாறு, ஐந்து வினா, ஐந்து விடை, முடிந்தது பாடம். ஒருமுறை ஒரு மாணவன் எழுந்து, “ஹஸ்ரத், மான் செத்துப் போனபோது அவன் அதை என்னவென்று கூப்பிட்டிருப்பான்? அவனுக்குத்தான் பேச்சே தெரியாதே?” என்று கேட்டான். “இது தேர்வில் வராது, உட்கார்” என்றோம். அவன் உட்கார்ந்தான். அதன்பின் அவன் எம் வகுப்பில் எதையும் கேட்டதாக நினைவில்லை. இன்று பிறரைச் சாடவரும் நாம் முதலில் எம்மையே சாடிக்கொள்வது நியாயமாதலின் இதனை எழுதினோம்.

அவ்வினா முள்ளாய்த் தைத்துக் கிடந்தது. அண்மையில், ஒன்பதாம் வகுப்பில் அறபு பயிலும் பதினெட்டு மாணவரைக் கொண்டு அந்நூலை வேறு வழியில் தொடங்கினோம். மூன்றே விதிகள். முதலாவது: ஹய்யு ஓர் இடர்ப்பாட்டில் நிற்கும் இடத்தில் நூல் மூடப்படும், மாணவர் தம் வழியைத் தேடிய பின்பே அடுத்த பக்கம் திறக்கப்படும். இரண்டாவது: அவ்விடத்தில் ஹய்யிடம் எது இருந்ததோ அதை மட்டுமே அவர்கள் பயன்படுத்தலாம், அவனிடம் இல்லாதது அவர்களிடமும் இல்லை. மூன்றாவது: தேடல் முடிந்ததும் நூலுக்குத் திரும்ப வேண்டும், தாம் கண்டதையும் இப்னு துஃபைல் எழுதியதையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

ஹய்யிடம் முதலில் இல்லாதது மொழி. ஆகவே முதல் நாள் வகுப்பில் பேச்சில்லை. அறபும் இல்லை, தமிழும் இல்லை. எமக்கும் அதே விதி. முதலில் சிரித்தார்கள், பிறகு தவித்தார்கள், ஒரு குவளைத் தண்ணீர் வேண்டுமென்பதை உணர்த்துவதற்கு ஒருவனுக்கு எவ்வளவோ நேரமாயிற்று. மான் இறக்கும் இடம் வந்தது. நூலில் ஹய்யு, தான் வழக்கமாய் எழுப்பும் குரலை எழுப்பி அழைக்கிறான்; மான் அசையவில்லை. எந்தக் குரல் என்று நூல் சொல்லவில்லை. அந்தக் குரலை யார் எழுப்புவது? அவ்வகுப்பில் சொல் திக்கும் பிள்ளை ஒருவன் உண்டு. வாசிக்கச் சொன்னால் வியர்த்துப் போவான். அன்று அவன்தான் எழுந்தான். சொல்லே இல்லாத ஒரு குரலில், தாழ்ந்தும் உயர்ந்தும் மூன்றுமுறை அழைத்தான். திக்கவில்லை. வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் நாம் உட்காரவைத்த மாணவனுக்கு விடை அன்றுதான் கிடைத்தது. கேட்க அவன்தான் அங்கில்லை.

இன்னொரு மாணவன் சீறாப்புராணத்தில் மானுக்குப் பிணை நின்ற படலத்தை நினைவூட்டினான். குட்டிகளுக்குப் பால்கொடுத்துத் திரும்பிவந்த அந்த மானையும், மனிதக் குழந்தைக்குப் பால்கொடுத்த இந்த மானையும் அவன் அருகருகே நிறுத்தினான். உமறுப் புலவரையும் இப்னு துஃபைலையும் ஒரே மூச்சில் பேசிய மாணவனை எம் ஆசிரிய வாழ்வில் முதன்முறையாகக் கண்டோம். நாம் அதைக் கற்பிக்கவில்லை; அவனே கண்டுகொண்டான்.

மானின் உடலில் ஊறு ஒன்றும் தெரியவில்லை. பின் எது நின்றுபோயிற்று? ஹய்யு மார்பைப் பிளந்து இருதயத்தைக் காண்கிறான். ஒரு பக்க அறையில் உறைந்த இரத்தம். இடப்பக்க அறை வெறுமை. அங்கே இருந்த எதுவோ போய்விட்டது, தான் நேசித்தது அதைத்தான், இவ்வுடலை அன்று என்று உணர்கிறான். அன்று இறைச்சிக் கடையிலிருந்து ஓர் ஆட்டின் இருதயத்தை வாங்கிச் சென்றோம். உயிரியல் ஆசிரியர் அன்புடன் உடன் வந்து அறுத்துக் காட்டினார். இரு அறைகளுக்கும் இடையிலுள்ள சுவரை மாணவர் விரலால் அழுத்திப் பார்த்தனர். “இதில் துளை இருக்கிறதா?” என்று கேட்டோம். இல்லை என்றார்கள். கிரேக்க மருத்துவர் காலன் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டென்று எழுதியதையும், அதனை நூற்றாண்டுகள் உலகம் நம்பியதையும், துளை இல்லையென்றும், இரத்தம் நுரையீரல் வழியாகவே இடப்பக்கம் சேர்கிறதென்றும் 1242-இல் இப்னுந் நஃபீஸ் எழுதியதையும் சொன்னோம். அப்பெயரை வாசகர் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம், மீண்டும் தேவைப்படும்.

நெருப்பின் கதையையும் சொல்லிவிடுகிறோம். காய்ந்த மூங்கில் பத்தைகளை உரசி உரசிப் பிள்ளைகளின் கை கன்றிப் போயிற்று; புகை வந்ததே தவிரத் தீ வரவில்லை. பிறகு பக்கத்தைத் திறந்தார்கள். ஹய்யும் நெருப்பை உண்டாக்கவில்லை. நாணற்காட்டில் உராய்வினால் தானே பற்றியதைக் கண்டு, அஞ்சாமல் நெருங்கி, கை சுட்டு, சுடாத முனையைப் பிடிக்கக் கற்றான். “அவன் செய்யவில்லை ஹஸ்ரத், கவனித்தான்” என்றான் ஒருவன். கல்வி என்பதற்கு இதைவிடச் சிறந்த விளக்கத்தை நாம் பெரிய கிதாபுகளில் தேடவேண்டியதில்லை.

இந்நிலையில்தான் முறையீடு எழுந்தது. பள்ளியின் பெயரும் முறையிட்டோர் பெயரும் வேண்டா. அவர்கள் நல்லவர்கள், தொழுகையாளிகள். அவர்கள் சொன்ன குற்றச்சாட்டுகள் மூன்று. ஒன்று: கதை பொய், அதற்கு மார்க்கக் கல்வியில் இடமில்லை. இரண்டு: ஓதும் பிள்ளைகளை மானைப்போல் கத்தவைப்பது கூத்து. மூன்று: நபியின் துணையின்றி அறிவைக்கொண்டே இறைவனை அறியலாம் என்று சொல்லும் நூல் ஈமானைக் குலைக்கும். ‘இறுதி வகுப்பு நடத்த வேண்டா’ என்று நிர்வாகம் எமக்கு அறிவித்தது.

முதற் குற்றச்சாட்டுக்கு விடை எளிது. ஹரீரியின் மகாமாத்தை நம் மத்ரஸாக்களில் எத்தனை தலைமுறையாக ஓதுகிறோம்? அபூ ஸைத் அஸ்ஸரூஜி என்னும் நாவன்மை மிக்க ஏமாற்றுக்காரன் ஊர் ஊராய்ச் செல்லும் கற்பனைக் கதைகள்தாமே அவை? ‘புனைந்துரை பொய்யன்றோ?’ என்னும் வினா 1122-இல் மறைந்த ஹரீரிக்கே எழுந்தது. விலங்குகள் பேசும் கதைகளை எவரும் வெறுத்ததில்லையே என்று தம் முன்னுரையிலேயே அவர் விடை இறுத்துவிட்டார். முறையிட்ட பெரியவர்களுள் இருவர் அம்முன்னுரையை எம்மோடு ஒரே விரிப்பில் அமர்ந்து ஓதியவர்கள். ஓதினோம், மறந்தோம். சொல்லுக்குப் பொருளும் பொருளுக்கு இலக்கணமும் பார்த்தோமே தவிர, சொல்லப்பட்டது என்ன என்று பார்க்கவில்லை.

இரண்டாவதற்கு வருவோம். ஒருநாள் வெள்ளுடை அணிந்த, பயணக் களைப்பின் சுவடே இல்லாத ஒருவர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அவைக்கு வந்து, முழங்காலோடு முழங்கால் சேர அமர்ந்து, இஸ்லாம் யாது, ஈமான் யாது, இஹ்ஸான் யாது என வினவிச் சென்றதை உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழி நாமறிந்ததே. கேட்டவரே ‘உண்மை சொன்னீர்’ என்று கூறக்கண்டு தோழர்கள் வியந்தனர். வந்தவர் ஜிப்ரீல் (அலை), மார்க்கத்தைக் கற்பிக்க வந்தார் என்பது பின்னரே அவர்களுக்குச் சொல்லப்பட்டது. மார்க்கத்தின் அடிப்படைகளை ஒரு சொற்பொழிவாகச் சொல்லியிருக்க முடியாதா? முடியும். ஆயினும் அது வினாவும் விடையுமாய், கண்முன் நிகழும் ஒரு காட்சியாய் அமைந்தது. நாயகம் (ஸல்) அவர்கள் மனிதனையும் அவன் ஆசையையும் அவன் தவணையையும் தரையில் கோடு கிழித்துக் காட்டினார்கள். முதல் கொலைகாரனுக்குச் சகோதரனின் உடலை மறைக்கும் வகையைக் காட்ட இறைவன் அனுப்பியது நிலத்தைத் தோண்டும் ஒரு காகத்தை. இப்னு துஃபைலும் அங்கிருந்தே கற்றார் போலும். மானைப் புதைக்க ஹய்யு அறிவதும் காகத்திடமே. காட்டிக் கற்பிப்பது கூத்து என்றால், இவற்றையெல்லாம் யாது பெயரிட்டு அழைப்பது? எம் வகுப்பில் வேடமில்லை, மேடையில்லை, புனிதர் எவரையும் எவனும் நடிக்கவில்லை.

மூன்றாம் குற்றச்சாட்டே கனமானது. அதை நாம் எள்ளி நகையாட மாட்டோம். அறிவு தனித்து நின்று எவ்வளவு தொலைவு செல்லும் என்பது அந்நூலின் உயிர்நாடியான வினா. அஞ்சவேண்டியவர் அஞ்சுவதில் தவறில்லை. ஆனால் அஞ்சியவர் செய்யவேண்டியது என்ன? முன்பு சொன்ன இப்னுந் நஃபீஸை இப்போது நினைவு கூருங்கள். 1288-இல் கெய்ரோவில் மறைந்த அவ்வறிஞர், இப்னு துஃபைலுக்கு மறுமொழியாகத் தாமே ஒரு கதை எழுதினார். அதிலும் ஒரு தீவு. அதிலும் தனியே தோன்றிய ஒரு மனிதன். காமில் என்பது பெயர். அவன் சிந்தித்துச் சிந்தித்து, மனித குலத்துக்கு நபிமார் இன்றியமையாதவர் என்னும் முடிவுக்கு வருகிறான். நம் முன்னோர் நூலுக்கு நூலால் விடையளித்தார்கள். நாமோ நூலுக்குப் பூட்டால் விடையளிக்கிறோம். பூட்டுவதற்குப் புலமை வேண்டியதில்லை.

வகுப்பறை மறுக்கப்பட்டதால், விருப்பமுள்ளோர் பெற்றோர் ஒப்புதலுடன் அஸ்ருக்குப் பின் எம் வீட்டுத் திண்ணைக்கு வரலாம் என்றோம். பதினொருவர் வந்தனர். வழக்கு இதுதான்: மக்களை விட்டு ஹய்யும் அப்ஸாலும் தீவுக்குத் திரும்பியது சரியா? ஒரு சாரார் சரி என்றனர். விளங்காதவர்களிடம் மேலும் சொல்லிக் குழப்புவதைவிட, இருப்பதை உறுதியாய்ப் பற்றிக்கொள்ளச் சொல்லிவிட்டு விலகியது பணிவு என்றனர். ஹய்யு அவ்வாறே சொல்லிப் பிரிந்ததை நூலிலிருந்து எடுத்துக் காட்டினர். மறுசாராருள் ஒருவன் எழுந்து, “நூஹ் நபி தொள்ளாயிரத்து ஐம்பது வருஷம் இருந்தார்களே, அவர்களுக்கு மட்டும் ஜனங்கள் முகம் சுளிக்கவில்லையா?” என்றான். முதற்சாரார் விடவில்லை: “யூனுஸ் நபி கோபித்துக்கொண்டு ஊரை விட்டுப் போனார்களே?” உடனே மறுமொழி வந்தது: “போனார்கள்; ஆனால் அல்லாஹ் அவர்களைத் திரும்ப அந்த ஜனங்களிடமே அனுப்பினான். ஹய்யுவைத் திரும்ப அனுப்ப யாரும் இல்லை. அதுதான் வித்தியாசம்.”

திண்ணையில் சற்றுநேரம் பேச்சில்லை. தத்துவம் கண்டவனுக்கும் தூதராய் அனுப்பப்பட்டவருக்கும் உள்ள வேறுபாட்டை நாம் பல ஆண்டு காலம் இலக்கணச் சொற்களில் விளக்கி, மாணவர் முகத்தில் ஓர் ஒளியும் காணாது ஓய்ந்திருக்கிறோம். அதைப் பதினான்கு வயதுப் பிள்ளை தன் சொல்லில் சொன்னான். ஈமானைக் குலைக்கும் என்று பூட்டப்பட்ட நூலிலிருந்தே அவன் அதை எடுத்தான். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். அந்நாட்களில், ‘நமக்கேன் இந்த வீண்வம்பு? ஒதுங்கிவிடுவோம்’ என்ற எண்ணம் எமக்கும் இருந்தது. அப்பிள்ளை எம்மை எண்ணிச் சொன்னானல்லன். ஆயினும் அச்சொல் எம்மை நோக்கியே வந்தது. ஒதுங்கவில்லை.

இனி, எமக்கு ஆதரவாக வருவோர்க்கும் ஒரு சொல். செய்தியறிந்த வேறொரு பள்ளியார், “அருமையான யோசனை, எங்கள் ஆண்டுவிழாவில் மேடையேற்றலாம், மான்தோல் உடை வாடகைக்குக் கிடைக்கிறது, படம் பிடித்து எல்லார்க்கும் அனுப்பலாம்” என்றனர். நாம் கும்பிட்டு விலகிக்கொண்டோம். ஹய்யு மான்தோல் வாடகைக்கு எடுக்கவில்லை. தன் வெறுமையைக் கண்டு நாணி, இலையால் மறைத்து, இலை உதிரவே செத்த கழுகின் சிறகைத் தேடினான். அந்த நாணத்தையும் தேட்டத்தையும் தராத உடை எதற்கு? கதையை உயிர்ப்பிப்பதென்பது கதைக்குச் சட்டை தைப்பதன்று. கதைமாந்தன் நின்ற இடத்தில் மாணவனை நிறுத்தி, ‘இப்போது நீ என்ன செய்வாய்?’ என்று கேட்டு, அவன் விடைக்குக் காத்திருப்பது. காத்திருக்கும் பொறுமை ஆசிரியனுக்கு வேண்டும். ஆட்டின் இருதயத்துக்கும் மூங்கிலுக்கும் ஆன செலவு சொற்பம்.

பாடத்திட்டம் முடியாதே, மதிப்பெண் குறையுமே என்பார்க்கு நீண்ட விடை இல்லை. ஒரு நூலை இவ்வாறு படித்தவன் மற்ற நூல்களைத் தானே படிப்பான். சுருக்கத்தை மட்டும் படித்தவன், தேர்வு முடிந்த மாலையில் அதையும் மறப்பான்.

உலமாப் பெருமக்களிடமும் பள்ளி நிர்வாகிகளிடமும் எம் வேண்டுகோள் இதுதான். அடுத்த மீலாதில் இப்னு துஃபைலின் பெயரைச் சொல்லித் தக்பீர் முழங்கும் முன், அந்நூலின் ஒரு பிரதியை உங்கள் மத்ரஸாவின் அலமாரியில் வையுங்கள். அலமாரியைப் பூட்டாதீர்கள். பிள்ளை ஒருவன் அதைப் படித்துவிட்டு வந்து ஒரு கேள்வி கேட்டால், ‘உட்கார்’ என்று சொல்லாதீர்கள். நாம் சொன்னோம்; அதன் பாரத்தை இன்றும் சுமக்கிறோம்.

வல்ல நாயன் நம் அனைவர்க்கும் பயனுள்ள கல்வியை அருள்வானாக.